ஊறுகாய்க் கல்லும் ஆவுளியாவின் விலா எலும்பும்

நார்த்தங்காயைச் சுருள் வெட்டி, வெட்டின இடமெல்லாம் கல்லுப்பைத் திணித்து, ஜாடியில் அடுக்கி, மேலே ஒரு கல்லை வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தக் கல் என் அம்மா மோகனூர்க் காவிரிக்குத் துணி துவைக்கப் போனபோது எடுத்து வந்தது. கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். அது இல்லாவிட்டால் காய் மேலே மிதந்து வந்து பூசணம் பிடித்துவிடும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் காய் சுருங்கியிருக்கும். ஜாடியில் நாம் ஊற்றாத தண்ணீர் நிற்கும்.

இந்த முறை பேத்தி பக்கத்தில் நின்றாள். ஆறாம் வகுப்பு. பள்ளியில் கடல்பசுவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வாரம் அது.

"அம்மாயி, கடல்ல முச்சூடும் உப்புத் தண்ணிதானுங்க? அப்ப கடல்பசு இந்த நார்த்தங்கா மாதிரி சுருங்கிப் போயிராதுங்களா?"

விலங்கியல் படித்து, அதையே பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு மாணவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. கடல் பாலூட்டிகளின் உடம்புக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. திமிங்கிலம், ஓங்கில் என்கிற டால்பின், மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு, இவை எல்லாமே நிலத்து உடம்புகள். நுரையீரல், சூடான இரத்தம், தாய்ப்பால் எல்லாம் நிலத்தில் குடித்தனம் நடத்தியபோது சேர்த்த சாமான்கள். ஒன்றையும் விட்டுவிடாமல் மூட்டை கட்டிக்கொண்டு கடலுக்குக் குடிபோனவை இவை. அந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு உப்புத் தண்ணீரில் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன என்பதைத்தான் அன்று அடுப்படியில் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன்.

மோகனூரில் இருந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். எங்கள் ஊர்ப் படித்துறையைத் தாண்டும் தண்ணீர் மாயனூர் கதவணை, முக்கொம்பு வழியாகக் கல்லணைக்குப் போகிறது. அங்கே பிரியும் கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். அதன் கடைமடை பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம். அதற்கு அப்பால் பாக் விரிகுடா. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் அதிகம் மேய்வது அந்த ஆழமில்லாத கடலில்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இந்த உயிருக்கென்று அறிவித்த முதல் இடம் அது. ஆக, நாங்கள் தலைமாட்டிலும் அவை கால்மாட்டிலும் இருக்கிறோம். அவ்வளவுதான் தூரம்.

சரி, நார்த்தங்காய்க்கு வருவோம். காய் சுருங்குவதற்குக் காரணம் நாம் அதை வெட்டியதுதான். உள்ளே இருக்கும் நீரை வெளியே இருக்கும் உப்பு இழுக்கிறது. வெட்டாத முழுக்காயை உப்புத் தண்ணீரில் போட்டால் தோல் தடுத்துக்கொள்ளும், அவ்வளவு சுலபமாகச் சுருங்காது. கடல் பாலூட்டியின் தோலும் வெட்டாத தோல். அதன் வழியே தண்ணீர் போவது மிகக் குறைவு. திமிங்கிலத்துக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது.

ஆனால் வாயைத் திறந்து சாப்பிட்டாக வேண்டுமே? இரையோடு உப்பும் உள்ளே போகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நாம் அதைக் குடித்தால், அந்த உப்பை வெளியே தள்ள நம் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாகும். குடிக்கக் குடிக்க வறண்டு போவோம். திமிங்கிலத்தின் சிறுநீரகம் வேறு மாதிரி. திராட்சைக் குலைபோல நூற்றுக்கணக்கான சிறு சிறுநீரகங்கள் ஒன்றாகத் தொங்கும். உப்பைச் செறிவாக்கிக் கொஞ்சத் தண்ணீரோடு வெளியே அனுப்பிவிடும்.

குடிக்காமலே தண்ணீர் கிடைக்கும் வழியும் ஒன்று உண்டு. அதைக் காட்ட அவளை அடுப்புப் பக்கம் அழைத்தேன். குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய போசியின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து கேஸ் அடுப்பில் வைத்தால், முதல் சில நொடி அடிப்பாகம் வியர்க்கும். யாரும் தெளிக்காத அந்த ஈரம் கேஸ் எரிவதால் பிறப்பது. எரிவாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. உடம்புக்குள் உணவு எரியும்போதும் இதேதான் நடக்கிறது. மாவுச்சத்து எரிந்தாலும் தண்ணீர் வரும், கொழுப்பு எரிந்தால் இன்னும் அதிகம். 100 கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய அதே எடைக்குத் தண்ணீர் கிடைக்கும். திமிங்கிலம் தன் குடிநீரை உள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது.

அப்படிச் சேர்த்த தண்ணீரைப் பாலில் கொட்டிவிட முடியுமா? பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு, எருமைப்பாலில் 7 பங்கு. திமிங்கிலப் பாலில் 30 முதல் 50 பங்குவரை போகும். அது சுண்டக் காய்ச்சின பால். குட்டிக்கு உடனே கொழுப்பேற வேண்டும், தாய்க்குத் தண்ணீர் மிச்சமாக வேண்டும். இரண்டு காரியமும் ஒரே பாலில் நடந்துவிடுகிறது. நீலத்திமிங்கிலக் குட்டி இந்தப் பாலைக் குடித்து ஒரு நாளைக்கு 90 கிலோ வரை எடை கூடும்.

"சரிங்க அம்மாயி, அந்தக் கல்லு எதுக்குங்க?" என்றாள். மிதக்கும் காயை அழுத்தத்தான். ஆவுளியாவுக்கும் அதே சங்கடம் இருக்கிறது. அது கடலடியில் வளரும் புல்லை மேய்கிற உயிர். முழுக்க முழுக்கக் கடலிலேயே வாழ்ந்து செடியை மட்டும் நம்பியிருக்கும் பாலூட்டி உலகத்தில் இது ஒன்றுதான். நுரையீரல் நிறையக் காற்றோடு கீழே இறங்கினால் உடம்பு மேலே தூக்கும். அதனால் அதன் எலும்புகள், முக்கியமாக விலா எலும்புகள், உள்ளே மச்சைக்குழி இல்லாமல் கெட்டியாகக் கல் மாதிரி இருக்கும். உடம்போடு பிறந்த ஊறுகாய்க் கல்.

கனம் மட்டும் போதாது, சமநிலையும் வேண்டும். எங்கள் ஊரில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் இறக்குவார்கள். குடுக்கை மேலே இழுக்கும், பிள்ளை குப்புற, மட்டமாக மிதக்கும். ஆவுளியாவின் நுரையீரல் அந்தக் குடுக்கைதான். நம்முடையதுபோல நெஞ்சுக்கூட்டுக்குள் அடங்காமல், முதுகை ஒட்டி நீளமாகப் பின்பக்கம்வரை ஓடுகிறது. கீழே கனமான விலா எலும்பு, மேலே காற்றுக் குடுக்கை. மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் உள்ள உடம்பு புல்தரைமேல் ஆடாமல் அசையாமல் மட்டமாக நிற்கிறது.

மீனையும் இவற்றையும் பிரித்தறிய முறத்தையும் விளக்குமாற்றையும் நினைத்துக்கொண்டால் போதும். மீனின் வால் செங்குத்தாக நின்று, விளக்குமாறு கூட்டுவதுபோல இடமும் வலமும் அடிக்கும். திமிங்கிலம், ஓங்கில், ஆவுளியா மூன்றின் வாலும் முறத்தைப்போல மட்டமாகக் கிடந்து, புடைப்பதுபோல மேலும் கீழும் அசையும். நாய் பாய்ந்து ஓடும்போது அதன் முதுகு வளைவதைப் பாருங்கள், மேலும் கீழும்தான் வளையும். நாலுகாலில் ஓடிய முதுகெலும்பு கடலுக்குள் போயும் அந்த ஓட்டத்தை விடவில்லை.

அடுத்தது மூச்சு. குடத்தில் பழைய தண்ணீர் பாதிக்குமேல் இருக்க, மேலே ஒரு சொம்பு ஊற்றி வைப்பதுபோல்தான் நாம் மூச்சு விடுகிறோம். சாதாரண மூச்சில் நுரையீரல் காற்றில் பத்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ மாறும். திமிங்கிலம் குடத்தைக் கவிழ்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிப்பதுபோல, ஒரே மூச்சில் 80, 90 சதவீதத்தை மாற்றிவிடும். அதன் மூக்குத் துளை குக்கர் வெயிட் மாதிரி, தானாக மூடியே கிடக்கும். திறக்கத்தான் தசையை இழுக்க வேண்டும். நமக்கு மூக்கை மூடத்தான் விரல் வேண்டும்.

உள்ளே வாங்கிய ஆக்சிஜனை எங்கே வைக்கும்? கோழி நறுக்கியவர்களுக்கு விடை தெரியும். கோழிக்குப் பேர்போன எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பு, தொடைக்கறி சிவப்பு. நாட்டுக்கோழித் தொடை இன்னும் கருஞ்சிவப்பு. நாளெல்லாம் ஓடியாடும் தசையில் மயோகுளோபின் என்ற புரதம் நிறைய இருக்கும். ஆக்சிஜனைப் பிடித்து வைத்து வேண்டும்போது தருவது அதுதான். கறிக்குச் சிவப்பு ஏறுவதும் அதனால்தான். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசையில் அது நம்முடையதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. கறி கறுப்பாகவே தெரியும். அப்படிச் சேர்த்துவைத்த ஆக்சிஜனோடு அது ஒரு மணி நேரம்கூட மூழ்கி, ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய் வரும். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை மனிதர்கள் முதன்முதலில் பார்த்ததும் இந்தத் திமிங்கிலத் தசையிலிருந்துதான். ஜான் கென்ட்ரூ 1958இல் மயோகுளோபின் அமைப்பை வெளியிட்டார், 1962இல் மாக்ஸ் பெருட்சோடு நோபல் பரிசு பெற்றார்.

ஆவுளியா அப்படி ஆழத்துக்குப் போகும் உயிர் இல்லை. அதன் புல் கரையோரத்தில், வெயில் எட்டும் ஆழத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டி மூச்சு வாங்கிப் போகும். ரொம்ப முடிந்தால் பத்து நிமிடம் சொச்சம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ச்சின பாலைச் சீக்கிரம் ஆற்ற, குண்டாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பால் போசியை வைப்போம். காற்றில் மணிக்கணக்காகும் வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைப் பிடுங்கும். வாழ்நாளெல்லாம் குண்டாவுக்குள் உட்கார்ந்திருக்கும் பால் போசிதான் திமிங்கிலம். அதனால் தோலுக்கடியில் கனத்த கொழுப்புப் போர்வை. துடுப்பில் அந்தப் போர்வை கிடையாது. அங்கே வேறு ஏற்பாடு. சூடான இரத்தம் கொண்டுபோகும் தமனியைச் சுற்றிலும், குளிர்ந்து திரும்பும் சிரைகள் ஒட்டிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடும். போகிற சூடு வருகிற குளிரிடம் கைமாறி உடம்புக்கே திரும்பி வந்துவிடும்.

இந்தப் போர்வையே எமனாகும் இடமும் உண்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருந்தன. 2016இல் மீனவர்களும் வனத்துறையினரும் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட்டும், பல திரும்பத் திரும்ப வந்தன. காற்றைச் சுவாசிக்கும் உயிர் காற்றிலேயே ஏன் சாகிறது என்று அப்போது பலர் கேட்டார்கள். மூடிய ஹாட்பாக்கைக் கோடை வெயிலில் வைத்ததுபோல, உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த உடம்பின் பாரம் அதன் நுரையீரல்மேலேயே இறங்குகிறது. மூச்சை இழுக்க நெஞ்சைத் தூக்கவே முடியாது.

கடல்பசு என்று பேர் வைத்துவிட்டதால் பேத்திக்கு அது பசுவின் சொந்தம் என்று எண்ணம். யானையின் சொந்தம் அது. தாய் ஆவுளியாவின் காம்புகள் துடுப்பின் அக்குளில் இருக்கின்றன. பெண் யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்சில். வளர்ந்த ஆண் ஆவுளியாவுக்குத் தந்தம்கூட வெளியே தெரியும். வயிற்றுக்கதையும் யானையோடு ஒத்துப்போகிறது. பசு இரையை முன்வயிற்றில் ஊறவைத்து அசைபோடும். யானையும் ஆவுளியாவும் பின்குடலில் புளிக்கவைக்கும். இட்லி மாவு ஓர் இரவில் பொங்கிவிடுகிறது. ஆவுளியாவின் குடலில் நுண்ணுயிர்கள் நார்ப்புல்லை ஆறேழு நாள் நிதானமாகப் புளிக்கவைக்கின்றன. அதற்குத் தோதாகப் பெருங்குடலே 25 மீட்டர் நீளம். நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல். வேரோடு பிடுங்கித் தின்பதால் அது போன தடம் ஏர் உழுத சால் மாதிரி கடலடியில் நீளமாகத் தெரியும்.

திமிங்கிலத்துக்குச் சொந்தம் நீர்யானை. கடல்நாய்களுக்குச் சொந்தம் நாயும் கரடியும். மூன்று வீட்டார், தனித்தனியாகக் கடலுக்குக் குடிபோனார்கள். திமிங்கில வீட்டின் பழைய முகவரி நம் நாட்டுப் பக்கம்தான் இருக்கிறது. ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்த பாறைகள் அவர் காலத்துக்குப் பிறகும் உடைபடாமலே கிடந்தன. அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தபோது உள்ளே ஒரு காதெலும்பு வெளிப்பட்டது. அதன் தடித்த விளிம்பு திமிங்கிலங்களுக்கே உரியது. விலங்கோ சருகுமான் அளவு. இண்டோஹயஸ் என்ற அந்த உயிரைப் பற்றிய கட்டுரை 2007இல் வெளிவந்தது. வயது ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டு. அந்த அம்மையாரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கணவர் சேர்த்த கல்மூட்டைகளை அடைசல் என்று தூக்கிப் போடாமல் காத்து வைத்தாரே!

காது என்றதும் மண்பானை. சந்தையில் பானை வாங்கினால் விரலால் தட்டித்தான் வாங்குவோம். நல்ல பானை கணீரென்னும், விரிசல் விட்டது பொத்தென்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சத்தம் காட்டிக்கொடுக்கும். ஓங்கில் கடலையே இப்படித் தட்டிப் பார்க்கிறது. நெற்றியில் இருக்கும் கொழுப்பு உருண்டை வழியாகச் சொடுக்கொலியைக் குவித்து அனுப்பும். எதிரொலி கீழ்த்தாடைக் கொழுப்பு வழியாக உள்காதுக்குப் போகும். எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்பது மட்டுமில்லாமல், கெட்டியா பொள்ளலா என்பதும் அதற்குத் தெரிந்துவிடும். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போகிறது, காற்றைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஆவுளியாவுக்கு இந்த வித்தை கிடையாது. அது குருவிபோலக் கீச்சிட்டுத் தன் இனத்தோடு பேசும், தாயும் குட்டியும்கூட. கோபித்துப் போன முருகனை அம்மா "மகனே" என்று கூப்பிட்ட இடம் மகனூர் ஆகி மோகனூர் ஆனது என்பது எங்கள் ஊர்க்கதை. அதனால்தானோ என்னவோ, கலங்கிய தண்ணீரில் ஒரு தாய் குட்டியோடு கீச்சிட்டுப் பேசும் என்று சொன்னதும் பேத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் 13, 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி. அதற்கு ஒன்றரை ஆண்டுவரை பால். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. 70 ஆண்டு வாழக்கூடிய உடம்பு. தந்தத்தை அறுத்தால் வருஷத்துக்கு ஓர் அடுக்காக வயதை எண்ணலாம். இப்படி நிதானமாகப் பெருகும் குடும்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவைத்தாலும் தாங்காது. பெரிங் கடலில் இதன் பெரிய உறவான ஸ்டெல்லர் கடல்பசுவை 1741இல் கண்டார்கள். 1768க்குள் கடைசி உயிரும் வேட்டையாடப்பட்டுவிட்டது. 27 ஆண்டு.

எண்ணுவதும் சுலபமில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே சூடு பரவியிருந்தால்தான் செல்லும். கடலில் ஆவுளியா அப்படிப் பரவியிருப்பதில்லை. புல் இருக்கும் இடத்தில் நாலு, மற்ற இடத்தில் ஒன்றுமில்லை. மூச்சுக்கு மேலே வரும் சில நொடிதான் கண்ணில் படும். அதனால் ஆய்வாளர்கள் டிரோனில் தேடுகிறார்கள், கடலடியில் அந்த உழவுச் சாலைத் தேடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மீனவர்களைக் கேட்கிறார்கள். 1960களில் மண்டபம் என்ற கடலோர ஊரில் எஸ். ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் தொட்டியில் வளர்த்த ஆவுளியாக்களைக் கவனித்து எழுதினார். இன்று டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் கரையோர ஊர்களில் மீனவர்களையே தகவல் தரும் தன்னார்வலர்களாகச் சேர்த்திருக்கிறது. பேராவூரணிப் பக்கம் வெளிவயலில் இயங்கும் ஓம்கார் அமைப்பினர் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் கடற்புல்லை முடிந்து, புல் அழிந்த இடங்களில் கடலடியில் பதிக்கிறார்கள். நாற்று நடவுதான் அது. பயிருக்குப்போல அந்தப் புல்லுக்கும் வெளிச்சம் வேண்டும். கலங்கல் மிகுந்து வெயில் எட்டாவிட்டால் வாடிவிடும். ஆற்றில் நாம் விடுவதெல்லாம் கடைமடை தாண்டிப் போகும் என்பதை நினைத்து நான் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். முதல் விசில் வந்தது.

மூச்சுக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆவுளியாவை இன்று அதிகம் கொல்வது வலை. வலை அதைக் காயப்படுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை, மேலே வரவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும். மீன் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள் இருக்கும்வரை செவுளால் மூச்சு விடும். ஆவுளியா சில நிமிடத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். தன் சொந்தக் கடலில் மூழ்கிச் சாகும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. ஆனால் அந்தச் சில நிமிடத்தில் சட்டம் அங்கே போய்ச் சேர முடியாது. பக்கத்துப் படகில் இருப்பவர் போகலாம். பாக் விரிகுடா மீனவர்கள் பலமுறை போயிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டவர்களை அழைத்து அரசு பரிசும் கொடுத்திருக்கிறது.

"எத்தனை நேரமுங்க இருக்கும் அவிங்களுக்கு?" என்றாள் பேத்தி.

இரண்டாவது விசில் வந்தது. நான் குக்கரைக் காட்டினேன். "மூணாவது வரைக்கும்னு வெச்சுக்க, கண்ணு."

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடவே தன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.